காகிதம் இல்லாத ரேஸ் குதிரையை உள்ளூரில் வாங்கலாமா?

வாசகரின் கேள்வி, 2024 அக்டோபர் 5

எங்கள் ஊர் ஈரோடு மாவட்டம் பெருந்துறை. பக்கத்துக் கிராமத்தில் ஒருவரிடம் ஒரு தரோபிரெட் (பந்தயத்துக்கென வளர்க்கும் இனக் குதிரை) விற்பனைக்கு இருக்கிறது. காயடித்த ஆண், வயது ஆறு, உயரம் 16 கை, பெங்களூரில் ஓடிய குதிரை என்கிறார். விலை 1,40,000 ரூபாய். இந்த ஆடியில் அந்தியூர்ச் சந்தையில் ஒரு மார்வாரி இனக் குதிரைக்குக் கேட்ட விலையில் இது பாதிகூட இல்லை. அதன் அடையாளமும் வம்சமும் எழுதிய பாஸ்போர்ட் தொலைந்துவிட்டதாம். நான் இதைப் பந்தயத்தில் விடப்போவதில்லை. பதினொரு வயது மகளுக்குச் சவாரி பழக்கவே வாங்குகிறேன். காகிதம் பந்தயக்காரர்களின் கவலை, எனக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து. மறுப்பவர்கள் காரணம் சொல்லலாம்.

2024 அக்டோபர் 6

மறுக்கிறேன். தரோபிரெட் என்பது தோற்றத்தைப் பார்த்துச் சொல்லும் பெயரன்று, பதிவேட்டை வைத்துச் சொல்லும் பெயர். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியிலும் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்ட மூன்று கீழைநாட்டுப் பொலிகுதிரைகள் வரை ஆண்வழி எழுதிவைக்கப்பட்டிருப்பதால்தான் அதற்கு அந்தப் பெயர். நம் நாட்டில் அந்தப் பதிவைப் புனேயில் உள்ள ஸ்டட் புக் அலுவலகம் வைத்திருக்கிறது. செயற்கைக் கருவூட்டலில் பிறந்த குட்டியை உலகில் எந்தத் தரோபிரெட் பதிவேடும் ஏற்பதில்லை. குட்டியின் தாய் தகப்பனை மரபணுச் சோதனையில் உறுதிசெய்த பிறகே பெயர் ஏறும். ஆகவே காகிதம் இல்லாத தரோபிரெட் என்று விற்பவர் சொன்னால், உயரமான, மெலிந்த தோல் கொண்ட, வேகமாக ஓடும் ஒரு குதிரை தன்னிடம் இருக்கிறது என்று மட்டுமே பொருள்.

ஆனால் நான் காகிதம் கேட்பது குலப்பெருமைக்காக அன்று. பாஸ்போர்ட் தொலையலாம்; கழுத்தின் இடப்புறத்தில், பிடரி மயிருக்குச் சற்றுக் கீழே ஊசி வழியாக வைத்த மைக்ரோசிப் தொலையாது. அதில் 15 இலக்க எண் இருக்கும். படிக்கும் கருவி குதிரை மருத்துவர்களிடமும் நாய் மருத்துவர்கள் பலரிடமும் இருக்கிறது. எண்ணிலிருந்து பெயரையும், பெயரிலிருந்து அது எந்தெந்த நாளில், எந்த மைதானத்தில், எத்தனை மீட்டர் ஓடியது என்பதையும் பிடித்துவிடலாம். வெற்றி தோல்வியைப் பார்க்க வேண்டாம், இடைவெளியைப் பாருங்கள். மூன்று வயதில் மாதம் இருமுறை ஓடிய குதிரை திடீரென்று பதினொரு மாதம் காணாமற்போய், திரும்பி வந்து ஒரே முறை ஓடிக் கடைசியாக வந்து, அதன் பிறகு ஓடவே இல்லை என்றால், அந்தப் பதினொரு மாதத்தில் காலில் என்ன நடந்தது என்பதே உங்கள் கேள்வியாக இருக்க வேண்டும். விற்பவர் சொல்லாத கதையை அந்தத் தேதிகள் சொல்லிவிடும்.

அதே நாள் இரவு

மூன்று விஷயங்களை விட்டுவிட்டேன்.

உயரத்தைப் பிடரி மயிர் முடிந்து முதுகு தொடங்கும் மேட்டிலிருந்து தரை வரை அளக்க வேண்டும். தலையை உயர்த்திப் பிடித்துக் காது வரை அளந்து காட்டிய ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். ஒரு கை என்பது நான்கு அங்குலம். 15.2 என்று எழுதினால் பதினைந்து கையும் இரண்டு அங்குலமும் என்று பொருள்; அது தசமப் புள்ளி அன்று. யாராவது 15.7 என்று சொன்னால் அவருக்குக் குதிரையும் தெரியாது, கணக்கும் தெரியாது.

மகளின் வயது பதினொன்று என்பதைப் படித்த பிறகுதான் எனக்கு உண்மையான கவலை வந்தது. ரேஸ் குதிரைக்குக் கடிவாளத்தை இறுக்கிப் பிடிப்பது நில் என்பதற்கான கட்டளை அன்று. ஜாக்கி பிடியை இறுக்கும்போது அதில் சாய்ந்துகொண்டு ஓடவே அதைப் பழக்கியிருக்கிறார்கள். பயந்துபோன குழந்தை இயல்பாகவே கடிவாளத்தைப் பிடித்து இழுக்கும். குதிரையோ தனக்குத் தெரிந்த பாடத்தை நேர்மையாக ஒப்பிக்கும்.

மூன்றாவது, சென்னைப் பக்கத்துப் புழுக்கத்தில் நான் கற்றது. சில தரோபிரெட்டுகளுக்கு வெப்பமும் ஈரமும் மிகுந்த ஊர்களில் வியர்ப்பதே நின்றுவிடும். கால் மணி நேரம் ஓட்டிய பிறகு கழுத்தும் அடிவயிறும் நனைந்திருக்க வேண்டும். தோல் உலர்ந்திருக்க, மூச்சு மட்டும் இறைத்தால் அந்தக் குதிரை நம் கோடையைத் தாங்காது.

2024 அக்டோபர் 9

"நீங்கள் இப்படி ஏமாந்ததுண்டா" என்று வாசகர் கேட்டிருக்கிறார். உண்டு, அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

2011இல் செங்கல்பட்டுக்கு அருகே ஒருவரிடம் என் முதல் குதிரையை வாங்கினேன். பெட்டை, செம்பழுப்பு, நெற்றியில் வெள்ளைப் பொட்டு. நான் போய்ச் சேர்ந்தபோது அதைக் குளிப்பாட்டி, சேணம் பூட்டி, வாசலில் நிறுத்தியிருந்தார்கள். என் நண்பரின் மகன் தலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான். அது அவன் தோளில் மூக்கை வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தது. மணல் தரையில் துள்ளுநடை போட வைத்தார்கள். குறை எதுவும் என் கண்ணில் படவில்லை. இவ்வளவு சாதுவான ரேஸ் குதிரை கிடைத்தது என் பாக்கியம் என்று எண்ணிப் பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் காலையில் லாயத்தின் கதவை உதைத்துப் பெயர்த்துவிட்டது. அதைவிடக் கொடுமை, முன்னங்கால் ஒன்றை ஊன்ற முடியாமல் நின்றுகொண்டு உதைத்தது. மாணிக்கவாசகருக்காக வந்த பரிகள் ஒரே இரவில் நரிகளான கதையைச் சிறுவயதில் கேட்டபோது பாண்டியன்மீது எனக்குப் பரிதாபமே வந்ததில்லை, அன்று வந்தது. (அந்தக் கதையின் பெருந்துறை ஆவுடையார்கோவில், வாசகரின் பெருந்துறை வேறு. ஆனாலும் குதிரை வாங்கப் பணத்தோடு கிளம்பும் ஊர்ப் பெயராக இது அமைந்திருப்பதை நான் சும்மா விடமுடியாது.)

மருத்துவர் வந்து முழங்காலுக்கும் கணுவுக்கும் நடுவே பின்புறத்தில் விரலை வைத்து அழுத்தினார். அங்கே தசைநாண் கயிறு போல நேராக ஓட வேண்டும். இதற்கு வில்லைப் போல் வெளியே வளைந்திருந்தது. பழைய கிழிசல், பந்தயக் குதிரைகளுக்கு மிக வழக்கமானது. பினைல்பியூட்டசோன் கொடுத்தால் வலி ஓரிரு நாள் தெரியாது, அமைதிப்படுத்தும் ஊசி போட்டால் சில மணி நேரம் பூனையாக நிற்கும் என்றார். ஒன்பது மாதம் நான் அதைக் கையில் பிடித்து நடத்தினேன், ஏறவே இல்லை.

அன்று நான் செய்யத் தவறியவற்றை இப்போது தவறாமல் செய்கிறேன். சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகப் போய்விடுவேன். கால்கள் ஈரமாக இருக்கின்றனவா, ஒரு கால் மட்டும் குளிர்ந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பேன். வீக்கத்தை அமுக்கத் தண்ணீர் அடித்திருந்தால் அதில் தெரிந்துவிடும். மணலில் அன்று, தார் சாலையில் தளர்ந்த கயிற்றோடு துள்ளுநடை போடச் சொல்வேன். முன்னங்காலில் நோவு இருந்தால் அந்தக் கால் தரையைத் தொடும்போது தலை மேலே எழும், நல்ல கால் தொடும்போது தலை தாழும். கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தால் குழம்பிவிடுவோம், தலையைப் பார்த்தால் போதும். இரத்தம் எடுத்து வைத்துக்கொள்ள மருத்துவரிடம் சொல்வேன். அதைச் சோதனைக்கு அனுப்பாவிட்டாலும், எடுக்கப்போகிறோம் என்று சொன்னதும் விற்பவரின் முகம் மாறுகிறதா என்பதே பாதிச் சோதனை. வேறொரு நாளில் சொல்லாமல் மறுபடியும் போவேன்.

2024 அக்டோபர் 10

நேற்று எழுதியதை மறுபடி படித்தேன். அந்த மனிதரை மோசடிக்காரராகவே எழுதிவிட்டேன். அது முழு உண்மையா என்று இப்போது தெளிவாகச் சொல்லமுடியவில்லை. பின்னாளில் விசாரித்தபோது அந்தக் குதிரை அவர் கைக்கு வருவதற்கு முன் இரண்டு பேர் மாறியிருந்தது. அவரே அதை வாங்கி ஆறு வாரந்தான் ஆகியிருந்தது. ஊசி போட்டவர் அவர்தான் என்பதற்கு என்னிடம் சான்று இல்லை; மூன்று நாள் கழித்து இரத்தம் எடுக்க எனக்குத் தோன்றவும் இல்லை. கால் வளைந்திருந்தது என் கண்முன்னேதான். பார்க்கத் தெரியாதவன் நான்.

2024 அக்டோபர் 14

வாசகர் புதுச் செய்தி தருகிறார். அவருடைய பெரியப்பா குதிரையைப் பார்த்துவிட்டு, நெற்றியில் இரட்டைச் சுழி இருக்கிறது, வீட்டுக்கு ஆகாது, அதனால்தான் விலை குறைவு என்று சொல்லிவிட்டாராம். இதற்கு என்ன பதில் சொல்வது என்று கேட்கிறார்.

சிரித்துவிட்டுப் போகவே நினைத்தேன். அந்தியூரில் பஞ்சகல்யாணிக்கு (நான்கு காலும் முகமும் வெளுத்த குதிரைக்கு) அதிகமாகக் கொடுப்பவர்களும், சுழி சரியில்லை என்று பாதி விலைக்குக் கேட்பவர்களும் ஒரே ஆட்கள்தாம். சுழி என்பது பேரம் பேசும் மொழி என்று நீண்ட நாள் நினைத்திருந்தேன். ஆனால் சுழியைப் பார்க்கத் தெரியாமல்தான் நான் இரண்டாவது முறையும் அடிபட்டேன் என்பது நினைவுக்கு வந்தது.

2016இல் வாங்கிய குதிரைக்குப் பாஸ்போர்ட் இருந்தது. முதல் அனுபவத்துக்குப் பிறகு காகிதம் என்றாலே எனக்கு மரியாதை. முத்திரை, பெயர், தாய் தகப்பன் எல்லாவற்றையும் படித்தேன், வாங்கினேன். பாஸ்போர்ட்டில் குதிரையின் உருவத்தைக் கோடாக வரைந்த ஒரு பக்கம் இருக்கும். வெள்ளைக் குறிகளை வரைந்து, சுழிகள் இருக்கும் இடங்களில் பெருக்கல் குறி இட்டிருப்பார்கள். மனிதருக்குக் கைரேகை போல, குதிரைக்குச் சுழியின் இடம் வாழ்நாள் முழுக்க மாறாது. நான் வாங்கி நான்கு மாதம் கழித்து, லாடம் அடிக்க வந்தவர் சும்மா புரட்டிப் பார்த்துவிட்டு, "இதில் கண்ணுக்கு மேலே ஒரு சுழி போட்டிருக்கிறதே, உங்கள் குதிரைக்குக் கண் மட்டத்தில் இரண்டு இருக்கிறதே" என்றார். பின்னங்காலில் பாஸ்போர்ட்படி இருக்க வேண்டிய வெள்ளைக் காலுறையும் இல்லை. ஒரு குதிரையின் காகிதத்தோடு வேறொரு குதிரையை நான் ஓட்டிக்கொண்டு வந்திருந்தேன்.

எனவே அக்டோபர் 6இல் எழுதியதைத் திருத்துகிறேன். காகிதம் இருக்கிறதா என்பது முதல் கேள்வி அன்று. காகிதமும் குதிரையும் ஒன்றா என்பதே முதல் கேள்வி. பெரியப்பாவை மதிப்போடு அழைத்துச் சென்று, குதிரையின் ஒவ்வொரு சுழியும் எங்கே இருக்கிறது என்று ஒரு தாளில் வரைந்து தரச் சொல்லுங்கள். பலனைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

2024 அக்டோபர் 20

பல்லைப் பற்றி. தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது. 1,40,000 ரூபாய் கொடுக்கும் குதிரையைத் தாராளமாகப் பார்க்கலாம். முன்பற்கள் நடுவிலிருந்து ஓரமாக ஏறத்தாழ இரண்டரை, மூன்றரை, நாலரை வயதுகளில் விழுந்து முளைக்கின்றன. ஐந்து முடியும்போது வாய் நிறைந்துவிடும். அதன் பிறகு தேய்மானத்தைப் பார்த்துத்தான் சொல்லவேண்டும், அதில் அனுபவசாலிக்கும் ஓரிரண்டு ஆண்டு பிசகும். மேல்வரிசையின் கடைசி முன்பல்லில் ஈறிலிருந்து ஒரு பழுப்புக் கோடு இறங்கத் தொடங்கியிருந்தால் வயது பத்தை ஒட்டியிருக்கிறது. பாதிப் பல் வரை வந்திருந்தால் பதினைந்தை ஒட்டியிருக்கிறது.

2024 அக்டோபர் 27

விலை மலிவு என்பதைப் பற்றி இதுவரை நான் பேசவில்லை. குதிரைக்குக் கொடுக்கும் பணம்தான் இதில் மிகச் சிறிய தொகை. என் லாயத்தில் ஒரு குதிரைக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறைந்து செலவானதே இல்லை, அதில் ஆள் கூலி சேரவில்லை. அரை டன் எடைக்குச் சற்றுக் குறைந்த பிராணி அது. நாளுக்குத் தன் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு உலர்தீவனம் கேட்கும். மார்வாரி, காட்டியவாரிக் குதிரைகள் சோளத்தட்டையிலும் கொள்ளிலும் உடம்பைப் பிடித்துக்கொள்ளும். தரோபிரெட் விலா தெரிய இளைத்துவிடும். இளைத்ததைப் பார்த்துத் தானியத்தை அள்ளிக் கொட்டினால் வயிற்றுவலி வரும். குதிரைக்கு வாந்தி எடுக்க முடியாது என்பதால் அது பல முறை உயிரோடு விளையாடும் வலி.

மாட்டுக்குப் போடும் கோ-4 புல்லையும் தவிட்டையும் போட்டுச் சமாளிக்கலாம் என்று வாசகர் நினைப்பார், நானும் நினைத்தேன். கோ-4 போன்ற நேப்பியர் வகைப் புல்லில் ஆக்சலேட் மிகுதி, அது சுண்ணாம்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. தவிட்டில் பாஸ்பரஸ் மிகுதி, அதுவும் அதே வேலையைச் செய்யும். இரண்டையுமே மாதக்கணக்கில் கொடுத்தால் எலும்பிலிருந்து சுண்ணாம்பு கரைந்து, முகத்தெலும்பு வீங்கி, கால் நொண்டும். மாடு அசைபோட்டுச் செரிக்கும் பிராணி, அதற்கு இது பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. நம் ஊரில் ஒரு தீவனப் பயிருக்குக் குதிரை மசால் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். பெயரிலேயே சீட்டு எழுதித் தந்திருக்க, நான்தான் இரண்டு ஆண்டு கழித்துப் படித்தேன்.

லாடம் அடிப்பவரை இப்போதே தேடிவையுங்கள். மாட்டுக்குப் பிளந்த குளம்பு, காலுக்கு இரண்டு தகடு. அதில் கைதேர்ந்தவர் குதிரைக்கும் சரியாக அடிப்பார் என்று சொல்லமுடியாது. தரோபிரெட்டின் குளம்புச் சுவர் மெல்லியது, ஓர் ஆணி உள்ளே தள்ளி இறங்கினால் இரண்டு வாரம் நொண்டும். நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை இந்த வேலை வந்துகொண்டே இருக்கும்.

2024 நவம்பர் 3

"கிண்டியை மூடிவிட்டார்கள், ஊட்டியையும் மூடிவிட்டார்கள், குதிரைகளை வந்த விலைக்குத் தள்ளுகிறார்கள், இப்போது விட்டால் கிடைக்காது" என்று விற்பவர் அவசரப்படுத்துகிறாராம். ஊட்டியில் ஜூன் மாதம் பந்தய மைதானத்தின் 52 ஏக்கரை அரசு எடுத்துக்கொண்டதும், செப்டம்பரில் கிண்டியில் 160 ஏக்கர் மைதானத்துக்கு முத்திரை வைத்ததும் உண்மை. ஆனால் உங்கள் குதிரை பெங்களூரில் ஓடியது என்றுதானே முதலில் சொன்னார்?

2024 நவம்பர் 17

மருத்துவர் தேதி கொடுத்துவிட்டார் என்று வாசகர் எழுதியிருக்கிறார். காலைப் பார்க்கும் அவசரத்தில் இரத்தப் பரிசோதனையை மறந்துவிட வேண்டாம். கிளாண்டர்ஸ் என்ற நோய் குதிரையிலிருந்து மனிதருக்கும் தொற்றும், தடுப்பூசி கிடையாது, உறுதியானால் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசுக்குத் தெரிவித்து, குதிரையைக் கொன்று புதைக்க வேண்டியிருக்கும். இரத்த மாதிரியைச் சோதிக்கும் தேசிய நிலையம் ஹிசாரில் இருக்கிறது; முடிவு வரும் வரை முன்பணத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். மூக்கில் சளி ஒழுகும் குதிரையைச் சந்தையில் தடவிக் கொடுக்கவும் வேண்டாம். பெரிய ஈக்கள் கடித்துப் பரப்பும் சர்ரா நோய்க்கும் அதே இரத்தத்தில் பார்க்கச் சொல்லலாம். டெட்டனஸ் ஊசியைப் பொறுத்தவரை, போட்டாயிற்று என்று யார் சொன்னாலும் நம்பாமல் மறுபடி போடுங்கள்.

2024 டிசம்பர் 2

சிப் இருந்தது. நாய் மருத்துவர் ஒருவரிடம் கருவியை இரவல் வாங்கிக் கழுத்தில் வைத்ததும் எண் வந்துவிட்டதாம். பெயர் கிடைத்தது; பெரியப்பா வரைந்து கொடுத்த தாளில் இருந்த இரட்டைச் சுழியும் பதிவோடு ஒத்துப்போனது. பெங்களூரில் ஓடியது உண்மை. வயது ஆறு என்பது பொய். பிறந்த ஆண்டு 2015. கடைசியாக ஓடி நான்கு ஆண்டு ஆகிறது. அதற்கு முன் ஏழு மாத இடைவெளி. மருத்துவர் வலது முன்னங்காலை ஒரு நிமிடம் மடக்கிப் பிடித்துவிட்டு ஓடவிட்டபோது முதல் சில அடிகளில் தலை எழுந்தது; எக்ஸ்ரேயில் முழங்காலில் பழைய எலும்புச் சில்லு. கிளாண்டர்ஸ் இல்லை.

பொய் சொன்னவரிடம் வாங்கவேண்டாம் என்று நான் எழுதுவேன் என்று வாசகர் எதிர்பார்த்திருக்கிறார். ஒரு வாரமாக நானும் அதைத்தான் எழுத நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் எண்ணிப்பார்த்தால், நான்கு ஆண்டாகப் பந்தயத்தை மறந்துவிட்ட ஒன்பது வயதுக் குதிரை, துடிப்பு அடங்காத ஆறு வயதுக் குதிரையைவிடப் பதினொரு வயதுப் பெண்ணுக்கு ஏற்றது. அந்த முழங்கால், தடைகளைத் தாண்டிக் குதிக்க உதவாது. நடைக்கும் மெதுவான துள்ளுநடைக்கும் உதவும் என்று மருத்துவர் எழுதியே கொடுத்திருக்கிறார். விற்பவர் சொன்ன பொய், தெரியாமல் வாங்கியிருந்தால் ஆபத்து. தெரிந்துவிட்ட பிறகு அது பேரத்துக்கு உதவும். எக்ஸ்ரே படத்தை அவர் முன் வைத்துவிட்டு 80,000 என்று சொல்லிப் பேசாமல் நில்லுங்கள். முதல் ஆறு மாதம் மகளை ஏற்றாமல், பழகிய ஆள் ஒருவர் ஏறிக் கடிவாளத்தின் பொருளை அதற்கு மாற்றிக் கற்பிக்கட்டும். இதற்கு ஒப்புக்கொண்டால் மட்டும் வாங்குங்கள்.

காகிதம் தேவையில்லை என்று வாசகர் தொடங்கினார். காகிதம் இல்லாவிட்டால் தொடவேண்டாம் என்று நான் தொடங்கினேன். தொலைந்த பாஸ்போர்ட் இன்னமும் கிடைக்கவில்லை.

2024 டிசம்பர் 19

95,000. வண்டியில் ஏற்றுவதற்கு முன் மருத்துவரின் தகுதிச் சான்று எடுத்தாராம். விற்பவர் கடைசியில் ஒரு பழைய கயிற்றைச் சும்மா கொடுத்தாராம். அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்கிறேன்.

2025 ஜனவரி 1

வட பாதி உலகில் பிறந்த தரோபிரெட்டுகள் அனைத்துக்கும், எந்த மாதத்தில் பிறந்திருந்தாலும், பதிவேட்டில் இன்றுதான் பிறந்தநாள். ஆறு வயது என்று விற்பனைக்கு வந்த பெருந்துறைக் குதிரைக்கு இன்று பத்து முடிகிறது. வாசகர் படம் அனுப்பியிருக்கிறார். மகள் உள்ளங்கையை விரித்து வெல்லத்துண்டை நீட்டிக்கொண்டிருக்கிறாள், பெரியப்பா சற்றுத் தள்ளி நின்று சுழியைப் பார்க்காதவர் போலப் பார்த்துக்கொண்டிருக்கிறார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்ததில் இடது பின்னங்காலில் லாடம் ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கிறது. இந்த வாரமே கழற்றிவிடுங்கள்.